ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பாவம் பண்ணினாங்களோ?" அடுத்த கேள்வி என்னைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் வருகிறது: "டாக்டர், ஆஸ்பத்திரி மருந்தோட சீந்தில், வேப்பிலைன்னு ஏதாவது சேர்த்துக் குடுக்கலாமா?"

இரண்டுக்குமே பதில் சொல்லிவிடுகிறேன். பாவமும் இல்லை, பெற்றோர் செய்த தவறும் இல்லை. தொற்றும் நோயும் அல்ல. அக்கா, தம்பி பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில்: கூடாது!

என்ன நடக்கிறது?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாராகும் இடம். அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. சிவப்பணு குறைவதால் குழந்தை வெளுத்துச் சோர்ந்து போகிறது. பிளேட்லெட் குறைவதால் அடிபடாமலே உடம்பில் கன்றிப்போகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. நல்ல வெள்ளை அணு குறைவதால் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கால் வலிக்கிறது என்று நடக்க மறுக்கும் குழந்தைகளும் உண்டு. இப்படித் தொடர்ந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இது குணமாகாத நோய் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. முழுச் சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் 10 குழந்தைகளில் 8 பேருக்கு மேல் பிழைத்து, வளர்ந்து ஆளாகிறார்கள்.

மூலிகை ஏன் கூடாது?

உங்கள் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் 'வின்கிறிஸ்டின்' என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1963 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ள அது, இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான ஊசி. "அப்படியானால் இலையைக் காய்ச்சிக் குடுத்தால் என்ன?" என்பீர்கள். பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் கிடைப்பதே அரிது. அந்த மருந்தையும் குழந்தையின் எடை, உயரம் பார்த்து மில்லிகிராம் கணக்கில் நரம்பில் மட்டுமே செலுத்துகிறார்கள். கஷாயத்தில் அந்த அளவு ஏது? நஞ்சுதான் மிஞ்சும்.

சிகிச்சையில் தரும் மெத்தோடிரெக்சேட், மெர்காப்டோபூரின் ஆகியவற்றால் கல்லீரலுக்கு ஏற்கெனவே பளு அதிகம். அதன்மேல் சூரணமும் லேகியமும் சேர்ந்தால், குழந்தைக்கு மஞ்சள்காமாலை கண்டால் எதனால் என்று யாருக்கும் புரியாது. உயிர் காக்கும் மருந்தை நிறுத்த வேண்டி வரும். சமையலில் போடும் மஞ்சள், சீரகம், மிளகு சாப்பாடு; அதில் தப்பில்லை. மாத்திரையாக, கஷாயமாக எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால்...

இந்தப் பகுதியைக் கத்தரித்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கீமோதெரபி ஊசி போட்ட ஒன்று, இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது சாதாரண ஜுரம் அல்ல. நிலவேம்பு, பத்துப்போடுதல், 'ஒரு பாரசிட்டமால் குடுத்துக் காலையில பாக்கலாம்' என்பதெல்லாம் கூடவே கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அங்கே போனதும், "கீமோ எடுக்கிற குழந்தை" என்று முதலில் சொல்லுங்கள். தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள், ஆசனவாயில் வைக்காதீர்கள்.

வின்கிறிஸ்டினால் மலச்சிக்கல் வரும். பாட்டிமார் எனிமா கொடுக்கச் சொல்வார்கள். வேண்டாம்! சிறு கீறல் பட்டாலும் அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். டாக்டர் தரும் மலமிளக்கி போதும்.

சாப்பாடும் சுத்தமும்

கொதித்து ஆறிய நீர், அப்போதே சமைத்த சூடான இட்லி, குழைந்த சாதம், நன்றாக வெந்த முட்டை கொடுங்கள். பழத்தில் வாழை, ஆரஞ்சு போலத் தோல் உரிப்பவை நல்லது. பச்சைக் காய்கறி, கடை ஜூஸ், தெருவோரத் தின்பண்டம் தவிருங்கள். வாய்ப்புண் இருந்தால் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், குழந்தையைத் தொடுபவர் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். யாருக்காவது அம்மை போட்டிருந்து, குழந்தை அவர் அருகில் இருந்துவிட்டால் அன்றே டாக்டருக்குத் தெரிவியுங்கள். தடுப்பூசி எதுவானாலும் அவரைக் கேட்டே போடுங்கள்.

'நல்லா ஆயிட்டானே!'

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும் நோய் அணு பரிசோதனையில் தென்படாது. முகம் தெளிந்து ஓடியாடுவார்கள். இங்கேதான் ஆபத்து! "இன்னும் எதுக்குக் குழந்தையை வதைக்கணும்?" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கோரைப்புல்லைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருக்குமே, அதுபோலத்தான் இதுவும். வெளியே தெரியாமல் பதுங்கிய அணுக்களை ஒழிக்கத்தான் இரண்டு, இரண்டரை ஆண்டு மருந்து. வீட்டில் தினமும் விழுங்கும் மாத்திரையில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். காலண்டரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். "ஊசி கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கறேன்" என்றால் போதும். கொட்டிய முடி மீண்டும் முளைக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். மற்றப் பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். தினம் அரைமணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள்.

மூலிகையில் நம்பிக்கை உள்ளவன்தான் நானும். ஆனால் இந்த நோய்க்கு அடையாறு போன்ற புற்றுநோய் மருத்துவமனைதான் இடம். சிகிச்சை முழுதாக முடியட்டும். உடம்பு தேற்ற என்ன சாப்பிடலாம் என்று, அந்த டாக்டரின் சம்மதத்தோடு அப்போது எங்களிடம் வாருங்கள்.