வீட்டு கராஜில் சூப்பர்சார்ஜர்

அமெரிக்காவில் பழைய மஸ்டா மியாட்டா கார் வைத்திருப்பவர்கள் பலர், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரை வீட்டு கராஜிலேயே மாட்டியிருக்கிறார்கள். எஞ்சின் பெல்ட்டால் சுழலும் இது, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும்.

ஸ்பேனரைத் தொடுமுன் கம்ப்ரஷன் டெஸ்ட். சிலிண்டருக்குச் சிலிண்டர் அழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், எஞ்சினைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.

எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியதும் எஞ்சினில் தெரியும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் பிஸ்டன் பாழ். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி, அத்தனையையும் மறக்காமல் எடுக்க வேண்டும்.

பெரிய ஆபத்து எரிபொருளில்தான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்; இல்லையேல் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டனே உருகிவிடும். இன்ஜெக்டர், ஈசியூ (எஞ்சின் கணினி) டியூனிங், உயர் ஆக்டேன் பெட்ரோல் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் சூப்பர்சார்ஜர் கிட் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கவே கூடாது.