தீமிதிக்கு முன்னால் ஒரு மகாபாரதம்

எங்கள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறது. தாத்தா காலத்து ஆட்களுக்கு அது பத்தாங்கட்டை. அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதி பார்க்கப் போவது அவர்களுக்குப் பெரிய பயணம். நமக்கு டவுன்டவுன் பாதையில் ஏறி உட்கார்ந்தால் போதும், ரயில் மாறாமல் சைனாடவுன் வந்துவிடும். இவ்வளவு வசதி இருந்தும் இரண்டு வருஷமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த இரவு, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டா நான் பூ மிதிக்கிறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டேன். அப்பா வந்துவிட்டார். அடுத்த செமஸ்டரில் எனக்கு வெப்பக் கடத்தல் பாடம் வந்தது.

அந்தப் பாடம்தான் வம்பாகிப் போனது. அவனுக்குள் கை விட்டால் சூடான காற்று உடனே சுடுவதில்லை. அதே சூட்டில் இருக்கும் கேக் தட்டைத் தொட்டால் கை பொத்துப்போகும். சூடு எவ்வளவு என்பது மட்டும் கணக்கில்லை, அது எவ்வளவு வேகமாகத் தோலுக்குள் இறங்குகிறது என்பதும் முக்கியம். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே படியும் சாம்பல் அதை இன்னும் தடுக்கும். ஒரு அடி வைத்து எடுக்க ஒரு வினாடிகூட ஆகாது. அதனால்தான் பல நூறு டிகிரியில் இருக்கும் தணல்மேல் நடந்தும் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள். (தயங்கி நிற்பவர்களுக்கும் தடுக்கி விழுபவர்களுக்கும் காயம்படும். யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.)

இது தெரிந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. இயற்பியலே பார்த்துக்கொள்ளும் என்றால், நான் அம்மனுக்குக் கொடுப்பதாகச் சொன்னது எதை?

கோயிலில் தொண்டூழியம் செய்யும் அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ கடைசி அஞ்சு வினாடியைப் பத்திக் கேக்குற. மத்த ரெண்டு மாசத்தை வந்து பார்த்தியா?" என்றார். பார்த்ததில்லை. உங்களில் பலரும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தீமிதி நடப்பது மாரியம்மன் கோயில் என்றாலும், அந்த விழாவின் நாயகி திரௌபதி அம்மன். உள்ளே அவளுக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. செஞ்சி வட்டாரத்தில் வேரூன்றிய திரௌபதி வழிபாட்டைத் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். 1840லிருந்து சிங்கப்பூரில் தீமிதி நடக்கிறது. ஐப்பசியில், தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால் வரும் அந்த நாள் ஒரு நீண்ட கதையின் முடிவு. கொடியேற்றத்தில் தொடங்கி, திரௌபதி திருக்கல்யாணம், அரவான் களப்பலி, வெள்ளி ரத ஊர்வலம் என்று மகாபாரதமே சடங்குகளாக நடக்கிறது. தீமிதிக்குப் பிறகு தருமருக்குப் பட்டாபிஷேகம்.

களப்பலிதான் என்னை உலுக்கியது. அரவான் அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். பாண்டவர் ஜெயிக்கத் தன்னையே காளிக்குப் பலியாகக் கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறான். வட இந்தியப் பாரதத்தில் இப்படி வராது, இது நம் ஊர்க் கதை. போர் முடிந்ததும் அவிழ்த்த கூந்தலை முடிந்துகொண்டு, திரௌபதி நெருப்பில் இறங்குகிறாள், தணல் பூவாகிறது. அதனால்தான் பூமிதி, பூக்குழி என்று சொல்கிறோம். தலைமைப் பூசாரி கரகத்தோடு முதலில் இறங்க, மற்றவர்கள் அவள் போன வழியில் பின்னால் போகிறார்கள். குழியின் முடிவில் கால் நனைக்கப் பால்குழி.

மிதிப்பவர்கள் அதற்கு முன் விரதம் இருந்து, காப்புக் கட்டி, ரேஸ் கோர்ஸ் பக்கமுள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து வருகிறார்கள். வெப்பக் கடத்தல் பாடத்தில் இதற்கெல்லாம் சமன்பாடு கிடையாது. தீக்குழியில் ஆண்கள் மட்டும் இறங்குகிறார்கள், பெண்கள் கும்பிடுதண்டம், அடிப்பிரதட்சணம் செய்கிறார்கள். ஏன் அப்படி என்று என் தங்கை கேட்கிறாள். அவளுக்குத் திருப்தியாக ஒரு பதில் என்னால் சொல்ல முடியவில்லை.

கோயிலின் கதையிலும் காத்திருப்புதான் அதிகம். 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே முதல் செங்கல் சூளை போட்டவர். கோயிலுக்கு முதலில் கிடைத்த இடம் தெலுக் ஆயர். சைனாடவுனுக்கு முந்தின நிலையம் அதுதான், அடுத்த முறை கவனியுங்கள். 'ஆயர்' என்றால் மலாயில் தண்ணீர். ஆனால் அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை! அடுத்து ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்ப் பக்கம் ஓர் இடம், அது 1822 நகரத் திட்டத்தில் அடிபட்டது. அதே வருஷம் அவருடைய துணிக்கடை நெருப்பில் போனது. 1823இல்தான் இப்போதைய இடம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு கோயில் எழுந்தது. அவர் வைத்த சின்ன அம்மன் இன்றும் கருவறையில் இருக்கிறாள். கடையை இழந்த மனுஷன் கோயிலை விடவில்லை. நான் ஒரு பாடம் படித்ததும் வேண்டுதலையே ஒத்திப்போட்டவன்.

நீங்கள் போனால் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்த ஆறு நிலைக் கோபுரம் 1925இல் வந்தது, கோயிலுக்கு அதைவிட வயது அதிகம். நேரே திரௌபதி சன்னதிக்குப் போங்கள், அரவானைத் தேடிப் பாருங்கள். முடிந்தால் களப்பலி இரவில் ஒருமுறை போங்கள்.

நான் இந்த வருஷம் கொடியேற்றத்திலிருந்தே போகிறேன். பெயர் பதியும் முன்னால் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டு வருஷமா ஏன்டா சொல்லல?" என்றார். பிறகு, தானும் பெருமாள் கோயிலிலிருந்து கூடவே நடந்து வருவதாகப் பிடிவாதம். "வேணாம்பா, நீங்க சைனாடவுன்ல இறங்கி நில்லுங்க, நான் அங்க வந்துடுவேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை.