நட்ட முடி நிற்கும், பக்கத்து முடி போகும்

"நட்ட முடி ஆயுசுக்கும் கொட்டாது சார்." முடி நடும் கிளினிக்கில் கோட்டுப் போட்டு ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது இது. பெரும்பாலும் பொய்யில்லை. பின்மண்டை முடியை, வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி ஹார்மோன் அவ்வளவாகச் சீண்டாது. வேரோடு எடுத்து முன்னால் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இதை 1959-லேயே எழுதிவிட்டார். நட்டதற்குப் பின்னால் இருக்கும் பழைய முடி தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் கோட்டுக்காரர் சொல்லவில்லை.

முடி நடுவதற்கு முன்பு ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும் மினாக்ஸிடிலும் எடுத்துக்கொண்டிருந்தேன். "இனி எதுக்கு சார் மாத்திரை?" என்றார் கோட்டுக்காரர். வீட்டில் மாமா வேறு, "அது ஆம்பளைத்தனத்தையே கெடுத்துடும்டா மாப்ளே" என்று ஆரம்பித்தார். நிறுத்தினேன். மாத்திரை பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் ஒரு வருஷத்துக்குள் போய்விட்டது. இப்போது நெற்றியோரம் வேலி கட்டின மாதிரி அடர்த்தி, அதற்குப் பின்னால் பொட்டல். நிரப்ப மறுபடி நட வேண்டும். பின்மண்டையில் பறித்த இடத்தில் திரும்ப முளைக்காது, இருப்பு அவ்வளவுதான். முதல் தடவைக்கு வாங்கிய கடன் தவணையே இன்னும் ஓடுகிறது.

அந்த மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்தியச் சிக்கல் வருவது உண்மைதான். அதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள், மாமாவிடம் அல்ல. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக் கூடாது.

நட்ட பிறகு செய்ய வேண்டிய மற்றதெல்லாம் எளிது. மல்லாந்து, தலையை உயர்த்தித் தூங்குங்கள். சலைன் தெளியுங்கள். பக்கைப் பிய்க்காதீர்கள். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றி வீங்கிக் கண்ணுக்கு இறங்கலாம், தானாக வடியும். ஹெல்மெட் போடலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை பைக்கை மச்சானிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போங்கள். சில வாரத்தில் நட்ட முடியே உதிரும். வேர் உள்ளே இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா "காசைக் கரியாக்கிட்டியே" என்று அழுதார். மூன்று நான்கு மாதத்தில் துளிர்க்கும், முழுசாகத் தெரிய ஒரு வருஷமாகும். அதுவரை சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போகாதீர்கள். அங்கே எல்லோரும் முகத்தைப் பார்க்காமல் தலையைத்தான் பார்ப்பார்கள்.

முடி நடத் துளை போடுவது யார் என்று முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். என் மருத்துவர் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனவர்தான், அப்புறம் கண்ணில் படவில்லை. உரிய பயிற்சியுள்ள, பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லியிருக்கிறது. இருபதுகளில் இருந்தால் முதலில் ஒரு வருஷமாவது மருந்தைப் பாருங்கள். நெற்றிக்கோட்டைக் கீழே இறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், கிளினிக்கில் அவர்களாகவே இறக்குவார்கள். நடும் ஒவ்வொரு கிராஃப்டுக்கும்தானே பில்.

"இதெல்லாம் தேவையா?" என்று மாமா இன்னமும் கேட்கிறார். அறுபத்தைந்து வயதிலும் அவருக்குச் சீப்பு வைத்தால் நிற்கிற முடி. அவர் கேட்கலாம். நான் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டேன்.