நூலகங்களின் கூட்டுறவு

தனியொருவர் வாங்கவியலாததைப் பலர் கூடிப் பெறலாம் என்பதை உறுப்பினர்களாகிய நாம் அறிவோம். நூல்களுக்கும் இது பொருந்தும்.

இங்கிலாந்தில் கூட்டுறவு நிறுவனத்தில் எழுத்தராகப் பணியாற்றிய ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ், 1903-இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் வகுப்புகளில் பயின்றோர்க்கு நூல் கிட்டுவது அரிதாயிருந்தது. அக்குறை தீர்க்க 1916-இல் மாணவர் மத்திய நூலகம் எழுந்தது. 1931-இல் அது தேசிய மத்திய நூலகமாகி, நூலகங்களுக்கிடையே நூற்கடன் வழங்கும் மையமாய் விளங்கியது. 1973-இல் பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது.

முறை எளிது. வாசகர் தம் ஊர் நூலகத்தில் கேட்பார். அது, நூல் இருக்குமிடத்தைக் கூட்டுப்பட்டியலில் கண்டு வரவழைக்கும். பிணை நிற்பது ஊர் நூலகமே. ஆதலின் ஒருவர் தவணை தவறினால், அடுத்தவர்க்கு நூல் மறுக்கப்படலாம். நம் கடன் சங்கங்களிலும் நியதி இதுவன்றோ? கேட்கும் உரிமையோடு திருப்பும் கடமையையும் போற்றுவோமாக.