சுருத எழுத்துகளின் தொகை

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரை செல்வோர், நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்துள்ள சமணர் மலையைக் காணலாம். அங்குள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளுட் சில, குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த குணசேனதேவரின் மாணாக்கர் செய்வித்தவை என வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நம் ஆகமமும் இவ்வாறே ஆசிரியரிடமிருந்து மாணாக்கர்க்குக் கேள்வி வழியாக வந்தது. ஆதலின் அது 'சுருதம்' எனப்பட்டது. அவ்வாறு வந்தவற்றுள் இருபது இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றும் உண்டு. ஓர் இலக்கம் பிழைத்தாலும் கெட்டுவிடும் அவ்வெண் பழுதின்றி வந்துள்ளதா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

எண் பிறக்கும் முறை

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி 10ஆம் நூற்றாண்டில் அருளிய கோம்மடசாரம், ஜீவகாண்டத்தில் இதனை விளக்குகிறது. மூல எழுத்துகள் 64. அவை மெய் 33, ஒன்பது உயிரும் குறில், நெடில், அளபெடை என மும்மூன்றாக 27, யோகவாகம் 4. இவை தனித்தும் கூடியும் எத்தனை வகையாக அமையும் என்பதே வினா.

க, ச, த என்னும் மூன்றெழுத்தை மட்டும் கொள்வோம். தனித்து நிற்பன 3, இரண்டிரண்டாகக் கூடுவன 3, மூன்றும் கூடுவது 1, ஆக 7. ஒவ்வோர் எழுத்துக்கும் நிற்றல், நில்லாமை என இரு நிலைகள் உண்டு. எனவே 2×2×2=8; எவ்வெழுத்தும் நில்லாத நிலை ஒன்றைக் கழிக்க 7. இம்முறைப்படி, அறுபத்து நான்கு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தல் வேண்டும்.

இதற்கு எளிய வழி வர்க்கமாக்குதல். 2இன் வர்க்கம் 4. மேலும் வர்க்கமாக்க 16, 256, 65,536, 429,49,67,296 என வரும். ஆறாவது வர்க்கம் 'ஏகட்டி' எனப்படும். அதில் ஒன்று குறைய,

1,84,46,74,40,73,70,95,51,615

என்பது சுருத எழுத்துகளின் தொகை. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் 1, 2, 4 என இரட்டித்து நெல்மணி வைத்தால் வரும் மொத்தமும் இதுவே.

தொகையும் பகுப்பும்

ஒரு மத்தியம பதத்திற்கு எழுத்துகள் 1634,83,07,888. இதனால் மேற்கண்ட தொகையை வகுத்தால் ஈவு 112,83,58,005. இது பன்னிரண்டு அங்கங்களின் பதத் தொகை. மீதி 8,01,08,175, இது அங்கபாகியத்தின் எழுத்துத் தொகை. ஈவைப் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய தொகை ஓர் இலக்கமும் பிசகாமல் வருகிறது.

சிறுவர்கள் முதலில் ஒன்பதுச் சோதனை செய்து பார்க்கலாம். எண்ணின் இலக்கங்களை ஓரிலக்கமாகும் வரை கூட்டுக. பதத்தின் எழுத்து 56, 11, 2 என முடியும். ஈவு 33, 6 என முடியும். இரண்டின் பெருக்கம் 12, அதாவது 3. மீதி 30, அதாவது 3. இரண்டையும் கூட்ட 6. மொத்தத் தொகையின் இலக்கங்களும் 87, 15, 6 என்றே முடிகின்றன. இலக்கங்கள் தம்முள் இடம் மாறிய பிழை போன்றவற்றை இச்சோதனை காட்டாது. அதற்கு முழுப் பெருக்கலே வேண்டும்.

நம் திகம்பர மரபின்படி பன்னிரண்டு அங்கங்கள் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. எண் சரியாக இருப்பதால் நூல் மீண்டுவிடாது. எனினும் அதனைக் கேட்டோரும் ஏட்டில் எழுதினோரும் எத்துணைக் கவனத்துடன் போற்றினர் என்பதற்கு இவ்வெண் சான்றாகிறது. சுருத பஞ்சமியன்று ஏடுகளுக்குப் பூசை செய்யும் நாம், அன்று பிள்ளைகளிடம் தாளும் எழுதுகோலும் தந்து இப்பெருக்கலையும் செய்விப்போமாக. கேட்டதை ஆராய்ந்து தெளிதலும் நன்ஞானத்தின் ஒரு கூறேயாம்.