வீட்டுக் கணினியிலிருந்து பழைய கைப்பேசிக்கு இணையம்

பல வீடுகளின் அலமாரியில் ஒரு பழைய கைப்பேசி கிடக்கிறது. திரை நன்றாக இருக்கும். சிம் கார்டு மட்டும் புதிய கைப்பேசிக்குப் போயிருக்கும். நம் மாணவர்களில் சிலர் வீட்டிலோ ஒரே ஒரு கைப்பேசிதான். அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் உடன் போய்விடும். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டைத் திறந்து பார்க்க அந்தப் பிள்ளை இரவு வரை காத்திருக்க வேண்டும். அலமாரியில் கிடக்கும் கருவி அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேராததற்கு, 'பழைய போன், அதில் நெட் வராது' என்று நாமே முடிவு கட்டிவிடுவதும் ஒரு காரணம்.

நெட் ஏன் வரவில்லை என்று படிப்படியாகப் பார்த்தால், பல நேரங்களில் கருவியில் பழுதே இருக்காது. சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய ஓர் அமைப்புதான் மாறியிருக்கும். ஆசிரியர்கள் தாங்களே செய்து பார்க்கவும், உயர்தொடக்க, உயர்நிலை வகுப்புகளில் ஒரு பாடவேளைச் செயல்பாடாக நடத்தவும் ஏற்ற வகையில் இக்கட்டுரை அமைந்துள்ளது.

எப்போது தேவைப்படுகிறது?

வீட்டில் வைஃபை மோடம் இருந்தால் கைப்பேசியை நேரடியாக அதனுடன் இணைத்துவிடலாம். பின்வரும் மூன்று சூழல்களில் கணினி நடுவில் நின்று உதவ வேண்டியிருக்கும்.

1. இணையம் கம்பி வழியே கணினிக்கு மட்டும் வருகிறது. மோடத்தில் வைஃபை இல்லை.
2. கணினியில் செருகிய டேட்டா கார்டு வழியே இணையம் வருகிறது.
3. மோடம் புதியது, அதன் அலைவரிசையோ பாதுகாப்பு முறையோ பழைய கைப்பேசிக்குப் புரியவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

மாணவர் விடுதியை நினைத்துக்கொள்வோம். அஞ்சல்காரருக்குத் தெரிந்தது விடுதியின் முகவரி மட்டுமே. அறை எண்கள் அவருக்குத் தேவையில்லை. மாணவர் எழுதும் கடிதத்தைக் காப்பாளர் வாங்கி, தன் பதிவேட்டில் ஒரு வரிசை எண் இட்டு, யாருடையது என்று குறித்துக்கொண்டு அனுப்புகிறார். பதில் கடிதம் அதே வரிசை எண்ணுடன் திரும்பி வரும். பதிவேட்டைப் பார்த்து உரிய அறைக்குச் சேர்ப்பிக்கிறார்.

இணையத்தைப் பகிரும் கணினி செய்வதும் காப்பாளர் வேலையே. வெளியுலகுக்கு ஒரே முகவரி தெரியும். உள்ளே ஒவ்வொரு கைப்பேசிக்கும் கணினி தனித்தனி எண் வழங்குகிறது. விண்டோஸ் கணினி பகிரும்போது தனக்குப் பொதுவாக 192.168.137.1 என்ற எண்ணை வைத்துக்கொள்ளும். இணையும் கைப்பேசிகளுக்கு 192.168.137 என்று தொடங்கி, கடைசிப் பகுதி மட்டும் மாறும் எண்கள் கிடைக்கும்.

இதை வகுப்பில் நடத்தியபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "பக்கத்து போனுக்கு வர வேண்டிய பாடம் என் போனுக்கு வந்துடாதா டீச்சர்?" என்று கேட்டாள். பதிவேடு எதற்கு என்பதை அந்த ஒரு கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம்.

செய்முறை

விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கான படிகள்:

1. கணினியில் இணையம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி இணைப்பாக இருந்தால் நல்லது.
2. 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', பிறகு 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள்.
3. எந்த இணைப்பைப் பகிர வேண்டும் என்ற இடத்தில், கம்பி இணைப்பானால் 'ஈதர்நெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. 'எடிட்' பொத்தானை அழுத்திப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பெயரை எளிய ஆங்கில எழுத்துகளில் வையுங்கள். கடவுச்சொல்லில் குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும்.
5. அதே இடத்தில் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். பழைய கருவிகளுக்கு இதுவே முக்கியமான படி.
6. ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கைப்பேசியின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டுக் கடவுச்சொல்லை இடுங்கள்.

ஒரே நேரத்தில் 8 கருவிகள் வரை இணையலாம். எந்தெந்தக் கருவிகள் இணைந்துள்ளன என்பது அதே பக்கத்தில் தெரியும். ஒரு கருவியும் இணையாமல் சிறிது நேரம் சென்றால் ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்துவிடக்கூடும், மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

மேசைக் கணினியில் வைஃபை வசதி இல்லையென்றால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று தேவைப்படும். ஹாட்ஸ்பாட் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் வைஃபை அமைப்புப் பக்கத்திலேயே ஹாட்ஸ்பாட் உண்டு. அங்கே ஒரே வைஃபை அட்டை இருக்கும்போது ஹாட்ஸ்பாட்டை இயக்கினால், அது வரை வந்துகொண்டிருந்த வைஃபை இணைப்பு துண்டிக்கப்படும். எனவே இணையம் கம்பி வழியே வர வேண்டும்.

இணையவில்லையா? நான்கு கேள்விகள்

'நெட் வரவில்லை' என்பது ஒரே சிக்கல் போலத் தோன்றும். எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கீழ்க்காணும் வரிசையில் கேட்டால் காரணம் பிடிபடும்.

கேள்வி 1: ஹாட்ஸ்பாட் பெயர் கைப்பேசியில் தெரிகிறதா?

தெரியவில்லை என்றால் அலைவரிசையைப் பாருங்கள். பழைய கைப்பேசிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மட்டுமே பெறும். கணினி 5 கிகாஹெர்ட்ஸில் அனுப்பினால் அவற்றுக்குக் கேட்காது. அலைவரிசை சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் கணினிக்கு அருகில் கொண்டுவந்து பாருங்கள். நடுவில் இரும்பு பீரோ இருந்தாலும் அலை தடைபடும்.

கேள்வி 2: கடவுச்சொல்லை ஏற்கிறதா?

சரியான கடவுச்சொல்லையே மறுத்தால் பாதுகாப்பு முறை பொருந்தவில்லை எனலாம். டபிள்யூபிஏ3 என்ற முறை 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டில் இது 2019-இல் வெளியான 10-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கைப்பேசிகளுக்காக ஹாட்ஸ்பாட் அமைப்பில் டபிள்யூபிஏ2 முறையைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிடுவது தீர்வாகாது.

கேள்வி 3: முகவரி எண் கிடைத்ததா?

'முகவரி பெறுகிறது' என்ற நிலையிலேயே நின்றால், கைப்பேசியில் அந்த இணைப்பை 'மறந்துவிடு' எனக் கொடுத்து மீண்டும் இணையுங்கள். பிறகும் நின்றால் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை அணைத்து இயக்குங்கள்.

கேள்வி 4: இணைந்துவிட்டது, ஆனால் பக்கம் திறக்கிறதா?

எல்லோரும் கைவிடும் இடம் இதுதான். வைஃபை அடையாளம் முழுதாகத் தெரியும். உலாவியோ 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கும். முதலில் கைப்பேசியின் தேதியைப் பாருங்கள். மின்கலம் முற்றிலும் தீர்ந்து நெடுநாள் கிடந்த கருவியில் தேதி 1970 ஜனவரி 1 என்று இருக்கலாம். ஆண்ட்ராய்டு காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. ஒவ்வொரு இணையதளத்துக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்த பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. கைப்பேசியின் கணக்கில் அந்தத் தொடக்க நாளே இன்னும் வரவில்லை. ஆகவே சான்றிதழை நம்ப மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் பக்கம் திறக்கும்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுக்கப்படலாம். பல தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகளின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை. பயர்பாக்ஸ் உலாவி தனக்கெனச் சொந்தப் பட்டியல் வைத்திருப்பதால், அந்தக் கருவிக்குப் பொருந்தும் பயர்பாக்ஸ் பதிப்பு கிடைத்தால் இத்தளங்களைத் திறக்க வாய்ப்புண்டு. அதுவும் இயலாவிட்டால் கருவியின் எல்லையை ஏற்றுக்கொண்டு, பாடக் கோப்புகளைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கேபிள் வழியே ஏற்றித் தரலாம். எச்சரிக்கையை மீறி உள்ளே நுழையும் பழக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடு (40 நிமிடம்)

நடிப்பு (10 நிமிடம்): ஒருவர் காப்பாளர்; நால்வர் கைப்பேசிகள்; ஒருவர் இணையதளம். துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி அனுப்பி, காப்பாளரின் பதிவேடு வழியே பதில் பெறட்டும். அடுத்த சுற்றில் பதிவேட்டை ஒளித்து வையுங்கள். குழப்பத்தை மாணவர்களே விளக்குவார்கள்.

அறிவியல் (10 நிமிடம்): அலையின் திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 செ.மீ. இரண்டையும் அளவுகோலால் தாளில் வரையச் சொல்லுங்கள். முதலாவது சுவரைத் தாண்டி அதிகத் தூரம் செல்லும். இரண்டாவது பொதுவாகக் கூடுதல் வேகம் தரும்.

கணக்கு (10 நிமிடம்): இணைப்பின் வேகம் நொடிக்கு 8 மெகாபிட், காணொலியின் அளவு 60 மெகாபைட். ஒரு பைட் என்பது 8 பிட் என்பதால் காணொலி 480 மெகாபிட். ஒருமுறை இறக்க 60 நொடி. எட்டுக் கைப்பேசிகளும் தனித்தனியே ஒரே நேரத்தில் இறக்கினால் 480 நொடி, அதாவது 8 நிமிடம். செலவாகும் டேட்டாவோ 60-க்குப் பதில் 480 மெகாபைட். எனவே, எல்லோரும் பார்க்க வேண்டியதைக் கணினியில் ஒருமுறை இறக்கிப் பகிர்வதே சிக்கனம் என்ற முடிவுக்கு மாணவர்களே வரட்டும்.

கண்டறிதல் (10 நிமிடம்): நான்கு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு கைப்பேசியில் தேதியை மட்டும் மாற்றிக் குழுவிடம் கொடுத்து, எந்தக் கேள்வியில் நிற்கிறது என்று கேளுங்கள்.

பிள்ளை கையில் கொடுக்கும் முன்

மின்கலம் உப்பியிருந்தால் அந்தக் கருவியைப் பயன்படுத்தவே கூடாது. சார்ஜ் போடவும் கூடாது. பின்மூடி எழும்பி நிற்பதும் திரை விலகித் தெரிவதும் அதன் அடையாளங்கள்.

கைப்பேசியைத் தந்தவரின் படங்களும் கணக்குகளும் அதில் இருக்கும். அவரே கூகுள் கணக்கை நீக்கி, பிறகு முழுவதும் அழித்துத் தர வேண்டும். ஆண்ட்ராய்டு 5.1 முதல், கணக்கை நீக்காமல் அழித்தால் கருவி பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும்.

பழைய கருவிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதில்லை. பாடம் படிக்க அது போதும். வங்கிச் செயலி, எமிஸ் நுழைவு, சொந்த மின்னஞ்சல் எதுவும் அதில் வேண்டாம்.

பகிரும் இணைப்பு நம் பெயரில் உள்ளது. பிள்ளைகள் நம் கண் முன்னால் பயன்படுத்தட்டும். முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிடுவோம். பள்ளி ஆய்வக இணையத்தைத் தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் இவ்வாறு பகிரக்கூடாது.

மதிப்பீடு

1. பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லை ஏற்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பாய்?
2. காப்பாளரின் பதிவேடு இல்லையென்றால் என்ன நடக்கும்?
3. 40 பேர் உள்ள வகுப்பில் 8 கருவிகள் இணையலாம். குழுவுக்கு எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்புக் கிடைக்க எப்படித் திட்டமிடுவாய்?

மூன்றாம் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மாணவர்கள் எழுதித் தரும் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த வகுப்பில் அப்படியே நடத்திப் பாருங்கள். கருவி இல்லாத பிள்ளைக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.