குடிப்பழக்கம்: பாவமா? நோயா?



"குடி ஒரு நோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் குடிப்பவர் மீது குற்றம் இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

மருந்துக்காகவே மது தயாரிப்பதாகக் கூறிய தாரிக் பின் சுவைத் (ரலி) அவர்களிடம், அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள் (முஸ்லிம்). அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ல்தான் குடிக்கு அடிமையானவரை நோயாளியாக ஏற்கும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது.

முதல் கோப்பையை எடுப்பது மனிதனின் விருப்பம். அது ஹராம் என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனம் முடிவு செய்துவிட்டது. ஆனால் தொடர்ந்து குடிப்பவரின் மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. பிறகு அவரே விட நினைத்தாலும் உடல் விடுவதில்லை. இந்த நிலைதான் நோய். நோய் என்பதால் பாவம் நீங்காது; பாவம் என்பதால் சிகிச்சை தேவையில்லை என்றும் ஆகாது. தவ்பாவும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்.

ரமலான் பிறை கண்டதும் "இன்றோடு விட்டேன்" என்று உறுதி எடுப்பவர்கள் உண்டு. நல்ல நிய்யத்! ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பேய், ஜின் என்று எண்ணித் தாயத்துக்கு அலையாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.

நம் கொங்குப் பகுதியில், திருச்செங்கோடு அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு வந்தது. இன்றோ, 2003 முதல் டாஸ்மாக் வழியாக அரசே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. சனிக்கிழமை வாரச் சம்பளத்தோடு பனியன் கம்பெனியிலிருந்து திரும்பும் ஒருவர், அந்தக் கடையைத் தாண்டி வீடு சேர்வதே பெரும் சோதனை. அவருக்குத் துணையாக யார் நடப்பது?

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்றார்கள் (புகாரி). தண்டனையும் இருந்தது, அவரை ஒதுக்கிவிடவும் இல்லை.

நம் மஹல்லாவில் என்ன நடக்கிறது? "ஜமாஅத்துக்குத் தெரிந்தால் மானம் போகும், மகளுக்கு வரன் வராது" என்று மனைவி மறைக்கிறார்; நோய் முற்றுகிறது. அவர் தயங்காமல் வந்து சொல்லும் இடமாக நம் பள்ளிவாசல் இருக்கட்டும். கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். சிகிச்சைக்கு உடன் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் இந்தத் தீமையிலிருந்து காத்து, அதில் சிக்கியோருக்கு ஷிஃபாவையும் உண்மையான தவ்பாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.